டிரிட்டியமும் மோரும்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கொடுத்த முதல் சாதனம் கதிர்வீச்சை அளக்கும் கைகர் கவுண்டர் இல்லை, ஒரு பிளாஸ்டிக் பாட்டில். மேலே லேபிளில் என் பணியாளர் எண். ஷிஃப்ட் முடிந்து போகும்போது சிறுநீர் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இதற்கா பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தோம் என்று தோன்றியது.

வட இந்தியாவில் ஒரு அணுமின் நிலையம், பெயர் வேண்டாம். கனநீர் உலை. கனநீரும் தண்ணீர்தான், ஹைட்ரஜன் இருக்கவேண்டிய இடத்தில் அதைவிடக் கனமான டியூட்டிரியம் இருக்கும், அவ்வளவுதான். அது நியூட்ரான்களின் வேகத்தை மட்டுப்படுத்தும், அதிகமாக விழுங்கிவிடாது. அதனால் இயற்கை யுரேனியத்தையே எரிபொருளாகப் போடலாம். அதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். குண்டுக்கு அதை 90 சதவீதம் அளவுக்குச் செறிவூட்டவேண்டும். "உங்க உலை ஹிரோஷிமா மாதிரி வெடிச்சிருமா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். விபத்தே நடக்காது என்று மட்டும் சொல்வதில்லை; செர்னோபில் எல்லோருக்கும் தெரியும்.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன். கனநீர் எப்போதாவது ஒரு நியூட்ரானை விழுங்கும்போது டிரிட்டியம் பிறக்கிறது; அது கதிர்வீசும் ஹைட்ரஜன். அது வீசும் பீட்டா துகள் காற்றில் ஒரு சென்டிமீட்டர்கூடப் போகாது. எங்கள் மேல் படும் கதிர்வீச்சைக் கணக்கெடுக்க நெஞ்சில் குத்தியிருக்கும் டிஎல்டி பேட்ஜுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் நீராவியாக மூச்சிலும் தோல் வழியாகவும் உள்ளே போய்விடும். உள்ளே போனதைக் கண்டுபிடிக்க இருக்கும் வழி அந்தப் பாட்டில்தான்.

1998 மே மாதத் தொடக்கத்தில் என் பாட்டிலில் டிரிட்டியத்தின் எண் ஏறியது. ஒரு வால்வில் கசிவு; பிளாஸ்டிக் சூட் போட்டுக்கொண்டுதான் போனேன். முழங்கை மடிப்பில் தையல் விட்டிருந்ததைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். மறுநாள் ஆய்வகத்திலிருந்து போன். ஆண்டு வரம்புக்குப் பக்கத்தில்கூட இல்லை என்றார்கள். எங்களுக்கான கதிர்வீச்சு வரம்பு 5 ஆண்டுகளுக்கு 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இருந்தாலும் உலைக் கட்டடத்துக்குள் போகாதே, மேசை வேலை பார், தண்ணீர் நிறையக் குடி என்று சொல்லிவிட்டார்கள்.

டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி தானாகச் சிதைய ஆகும் காலம், 12.3 ஆண்டுகள். ஆனால் உடம்பு அதைத் தண்ணீராகவே நினைப்பதால் சுமார் 10 நாளில் பாதி வெளியேறிவிடும். நிறையக் குடித்தால் இன்னும் சீக்கிரம். மெஸ்காரர் விஷயம் கேள்விப்பட்டு வேளைக்கு ஒரு சொம்பு மோர் வைத்தார். தினமும் காலையில் பாட்டில், மாலையில் எண். கிராஃப் தாளில் நானே புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன்.

அந்தக் கோடு இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் மே 11 வந்தது. பொக்ரானில் மூன்று சோதனைகள் நடந்ததாக அன்று மாலை வாஜ்பாய் அறிவித்தார். அதில் ஒன்று வெப்ப அணுக்கரு வகை, அதாவது ஹைட்ரஜன் குண்டு. மறுநாள் அலுவலகத்தில் லட்டு. பக்கத்து மேசைக்காரர் என் கிராஃப் தாளைப் பார்த்துவிட்டு, "குண்டு சரக்கு உன் வயித்துலயும் இருக்கு, உனக்கு ரெண்டு லட்டு" என்றார். டிரிட்டியம் அந்த வகைக் குண்டுகளிலும் சேர்வதுதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரண்டாவது லட்டு மட்டும் இறங்கவில்லை.

அன்று இரவு எஸ்டிடி பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். அம்மா எடுத்ததும், "மக்கா, நீங்க எல்லாம் சேந்து குண்டா செய்யுதிய?" என்றாள். இல்லம்மா, நாங்க கரண்டுதான் என்றேன். பொய் இல்லை. ஆனால் முழு உண்மை என்றும் சொல்லமுடியவில்லை. 1974-இல் பொக்ரானில் முதலில் வெடித்ததற்கான புளூட்டோனியம், ஆராய்ச்சிக்கென்று கனடா கொடுத்த சைரஸ் உலையில் உண்டானது. கனநீர் கொடுத்தது அமெரிக்கா. கோபித்துக்கொண்டு கனடா அணு உதவியிலிருந்து விலகியது. ராஜஸ்தானில் ராவத்பாட்டா அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையையும் பிறகு கல்பாக்கத்தையும் நம் ஆட்களே கட்டி முடிக்கவேண்டி வந்தது. நான் கற்றுக்கொண்ட தொழில் இப்படித் தனியே வளர்ந்ததற்கு அந்த வெடிப்பும் ஒரு காரணம். எஸ்டிடி மீட்டர் ஓடிக்கொண்டிருக்க இதையெல்லாம் அம்மாவிடம் எங்கே சொல்வது?

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். பயிற்சிக் காலத்தில் ஒருமுறை ஊர் மணலைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் கவுண்டரின் அருகே வைத்திருக்கிறேன். எண்ணெயில் கடுகு விழுந்ததுபோல் படபடவென்று பொரிந்தது. அந்த மணலில் கலந்த மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கும் தோரியம்; அதுவும் கதிர்வீசும். சின்ன வயதில் வீடு கட்டி விளையாடிய மணல்.

ஜூனில் லீவில் போனபோது என் எண் பழைய நிலைக்கு வந்துவிட்டது. கிராஃப் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அந்தச் சனியன் பிடிச்ச வேல வேண்டாம், இங்க வந்து இரி" என்றாள். நம்ம கடற்கரை மண்ணிலும் அதே சங்கதி இருக்கும்மா என்று பொட்டலக் கதையையும் சொன்னேன்.

"நம்ம மண்ணுக்கு என்னடே கொற?" என்று சொம்பை எடுத்துக்கொண்டு மோர் கலக்கப் போனாள்.