தயிர்ப் பாளம்: ஏழாவது தட்டு

தண்ணீர் வடித்த தயிரில் தேனும் பழமும் சேர்த்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பி உறைய வைப்பதுதான் தயிர்ப் பாளம். நேற்று இரவு 9 மணிக்கு ஃபிரீசரிலிருந்து தட்டை எடுத்துக் கவிழ்த்தேன். காகிதத்தை உரித்துவிட்டு ஓரத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். சடக்கென்று ஒரே முறிவு. முறிந்த முகத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். ஊசி ஊசியாக ஐஸ் இல்லை, நடுவில் கண்ணாடிக் கீற்று இல்லை. பால்கோவா வில்லையை வெட்டியதுபோல் மழமழவென்று இருந்தது. மகன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வெகு நேரம் பேசவே இல்லை. பிறகு தட்டையே கேட்டான். ஏழாவது தட்டு இது. பெருமையாகவே சொல்கிறேன், கடையில் ஒரு கிண்ணத்துக்கு ஏழெட்டு சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கும் உறைதயிரைவிட இது நன்றாக இருக்கிறது.

ஏப்ரலில் தொடங்கிய வேலை. மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். பள்ளி விட்டு வியர்த்து வழிய வருகிறவன் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நிற்கும் ஐஸ்கிரீம் வண்டியைத் தாண்டி வர மாட்டான். வண்ண ரொட்டிக்குள் ஒரு பாளம் ஐஸ்கிரீம். அந்த வண்டிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் அதைத் தின்று வளர்ந்தவன்தான். ஆனால் தினமும் என்றால் சரிப்படுமா? வீட்டில் மாமியாருக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பேரன் தின்பதைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருப்பதை என்னால் காண முடியவில்லை. இருவரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்னக்கூடிய ஒன்று வேண்டும். அதுதான் நோக்கம்.

உறை ஊற்றுவதைப் பற்றி எழுதப்போவதில்லை, அது எல்லோருக்கும் கைவந்தது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அடுக்களையில் இரவிலும் வெக்கை குறைவதில்லை. ஆறு மணி நேரத்திலேயே தயிர் தோய்ந்துவிடுகிறது. தோய்ந்ததும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். புளித்துப் போனால் அந்தப் புளிப்பை மறைக்கத் தேனைக் கூட்ட வேண்டியிருக்கும். தேனைக் கூட்டினால் இத்தனை பாடும் எதற்கு?

இனி வடிப்பதற்கு வருகிறேன். ஆறு தட்டுகள் கெட்டதில் ஐந்து இதனால்தான் கெட்டன.

சாதாரணத் தயிரில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர். அதை அப்படியே தட்டில் ஊற்றி உறைய வைத்தால் கிடைப்பது தயிர் மணமுள்ள ஐஸ்கட்டி. என் முதல் தட்டு அப்படித்தான் ஆனது, கத்தி வைத்தால் கண்ணாடிச் சில்லாகச் சிதறியது. ஐஸ்கிரீம் இயந்திரம் கடைந்துகொண்டே உறைய வைப்பதால் ஐஸ் படிகங்கள் பொடியாக நிற்கின்றன, இடையில் காற்றும் புகுகிறது. தட்டில் ஊற்றி அசையாமல் வைக்கிற நமக்கு அந்த வசதி இல்லை. தண்ணீரை முன்னாலேயே வெளியேற்றுவது ஒன்றுதான் வழி.

இரண்டாவது தட்டுக்கு, தண்ணீர் வடித்து இறுக்கிய கிரேக்கத் தயிர்போல இருக்கும் என்று நம்பி, பேரங்காடியில் கட்டித் தயிர் டப்பா ஒன்றை வாங்கினேன். இன்னும் கொஞ்சம் வடியட்டும் என்று துணியில் கொட்டி வைத்தால் மறுநாள் காலை வரை ஒரு சொட்டுகூட வடியவில்லை. டப்பாவைத் திருப்பிப் படித்தபோது காரணம் தெரிந்தது: மாவுச்சத்தும் ஜெலட்டினும் சேர்த்து இறுகச் செய்திருக்கிறார்கள். வடித்து இறுகிய தயிர் வேறு, மாவு சேர்த்து இறுக்கிய தயிர் வேறு. முகப்பில் இரண்டுக்கும் ஒரே தோரணையில் எழுதி விற்பது நியாயமே இல்லை. டப்பா வாங்குகிறவர்கள் முகப்பைப் பார்க்காமல் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். பாலும் நுண்ணுயிரும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

அதன் பிறகு வீட்டுத் தயிர்தான். ஊரில் அம்மா செய்வதுபோல் மூட்டையாகக் கட்டி அடுக்களைக் குழாயில் தொங்கவிட்டேன். விடியும்போது நன்றாக வடிந்திருந்தது, ஆனால் நாக்கில் வைக்க முடியாத புளிப்பு. இந்த ஊர் வெப்பத்தில் வெளியில் தொங்கவிடுவது ஆகாது. குளிர்பெட்டிக்குள்தான் வடிக்க வேண்டும். அடியில் ஆழமான பாத்திரம், அதன்மேல் பழம் கழுவும் ஓட்டைக் கூடை, கூடைக்குள் துணி.

துணி பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். கடையில் பாலாடைக்கட்டித் துணி என்று விற்பது வலைபோல் இருக்கிறது, தயிரே இறங்கிவிடும். எனக்குச் சரியாக அமைந்தது பழைய பருத்தி வேட்டிதான். இரண்டு மடிப்பு போதும். ஆனால் நான்காவது தட்டுக்கு அந்த வேட்டித் துண்டை மற்றத் துணிகளோடு இயந்திரத்தில் துவைத்துவிட்டார்கள். துணி மென்மையாக்கியின் மல்லிகை மணம் முழுத் தயிரிலும் ஏறிவிட்டது. இரண்டு லிட்டர் பாலின் தயிர்! இப்போது அந்தத் துண்டைக் கொதிநீரில் மட்டும் அலசி, தனியாக உலர்த்தி, தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

அடுத்தது எடை. தொடக்கத்திலேயே மேலே பாரம் வைத்தால் தயிர் துணியின் இழைகளுக்குள் நுழைந்து அடைத்துக்கொள்கிறது, பிறகு தண்ணீர் இறங்க வழியில்லை. இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் பொய். மாமியார்தான் ஒருநாள் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, துணியைப் பார்க்காதீர்கள், கீழே இறங்கும் தண்ணீரைப் பாருங்கள். இப்படிக் கலங்கலாக வந்தால் தயிர்தான் போகிறது என்று அர்த்தம்” என்றார். “அப்படியானால் எப்படி வர வேண்டும், அத்தை?” என்று கேட்டேன். “பாசிப்பருப்பு வேகவைத்த தெளிவுபோல, இளம்பச்சையாக.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தயிரைக் கரண்டியால் கலக்காமல், கட்டி உடையாமல் பாளம் பாளமாக வெட்டி எடுத்துத் துணியில் வைக்க வேண்டும். துணியை முதலில் நனைத்துப் பிழிந்துகொள்ள வேண்டும். இரண்டு மணி நேரம் தானாக வடிய விட்டு, அதன் பிறகே ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை ஒரு சிறு தட்டின்மேல் வைக்க வேண்டும். இப்படிச் செய்த நாளிலிருந்து தெளிந்த இளம்பச்சைத் தண்ணீர்தான் இறங்குகிறது. அந்த நிறம் ரிபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமினால் வருவது. அதனால் அதைக் கொட்டுவதில்லை, சப்பாத்தி மாவு பிசையவும் ரசத்துக்கும் போய்விடுகிறது. தண்ணீரோடு பாலின் சர்க்கரையில் ஒரு பகுதியும் இறங்கிவிடுவது மாமியாருக்கு நல்லது. கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தும் கூடவே போகிறது, அது இழப்புதான்.

எத்தனை மணி நேரம் என்பதற்கு என் சமையல் தராசில் எடுத்த கணக்கு இது. 1,000 கிராம் தயிர் நான்கு மணி நேரத்தில் 650 கிராமாகிறது, எட்டு மணி நேரத்தில் 480, பதினான்கு மணி நேரத்தில் 400. நான்கில் ஐஸ் நெறுநெறுக்கிறது. பதினான்கு நல்லது என்று பேராசைப்பட்டுத்தான் ஐந்தாவது தட்டைக் கெடுத்தேன். தட்டில் பரவாமல் திட்டுத் திட்டாக நின்றது, உறைந்த பிறகு வாயில் சுண்ணாம்புபோல் ஒட்டியது. எட்டு மணி நேரம், 480 கிராம். இதில் இனி மாற்றம் கிடையாது.

இனிப்பைப் பற்றிய சிக்கல் இது: சர்க்கரை உறைநிலையைத் தாழ்த்துவதால்தான் ஐஸ்கிரீம் ஃபிரீசரிலும் மென்மையாக இருக்கிறது. இனிப்பைக் குறைத்தால் பாளம் கல்லாகிறது. 480 கிராமுக்கு 40 கிராம் தேன் என்று வந்து நின்றிருக்கிறேன். தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் பிரிந்தே இருப்பதால் அதே எடைச் சீனியைவிட அதிகமாக உறைநிலையைத் தாழ்த்துகிறது. கூடவே கொழுப்பு நீக்கிய பால்மாவு இரண்டு மேசைக்கரண்டி. மிஞ்சியிருக்கும் ஈரத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஒரு சிட்டிகை உப்பு. ஏலக்காய் மட்டும் தாராளம், குளிரில் நாக்கு மணத்தையும் இனிப்பையும் பாதிதான் உணர்கிறது. 16 துண்டுகளாகப் பிரித்தால் துண்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் சேர்த்த சர்க்கரை. தேன் இயற்கையானது, கணக்கில் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்லும் சர்க்கரையில் தேனும் அடக்கம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்கவே கூடாது. போன வாரம் கைக்குழந்தையோடு வந்த விருந்தினரிடம் நான் தட்டை இழுத்துக்கொண்டது அதனால்தான்.

பழத்தில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்தது. படங்களில் எல்லாம் ஸ்ட்ராபெர்ரி. நானும் ஒரு சிறு பெட்டி வாங்கி, அழகாகச் சீவி அடுக்கினேன். உறைந்த பிறகு ஒவ்வொரு சீவலும் சிவப்புக் கண்ணாடித் தகடு. யோசித்துப் பார்த்தால் தயிருக்குச் சொன்ன கணக்குதான் பழத்துக்கும். ஸ்ட்ராபெர்ரியில் நூற்றுக்கு 91 பங்கு தண்ணீர், இனிப்பு மிகக் குறைவு. மாம்பழத்தில் தண்ணீர் 83 பங்கு, இனிப்பு அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். வாழைப்பழத்தில் தண்ணீர் 75தான். இனிப்பு கூடி, ஈரம் குறைந்த பழம் ஃபிரீசரிலும் மென்மையாக இருக்கிறது. விமானத்தில் வரும் விலை உயர்ந்த பழத்தைவிட நம் பக்கத்துப் பழங்கள்தான் இந்தப் பாளத்துக்குப் பொருத்தம். லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவில் பஃபலோ சாலைக் கடைகளில் அட்டைப்பெட்டியோடு அடுக்கியிருந்த பங்கனப்பள்ளியைச் சிறு சதுரங்களாக வெட்டி, காகிதத் துண்டில் ஒற்றி எடுத்துப் பதித்தேன். நேற்றைய தட்டின் வெற்றியில் பாதி அந்தப் பழத்தினுடையது.

ஆறாவது தட்டு போனது அன்னாசியால். வேகவைக்காத அன்னாசியை அரைத்துத் தயிரில் கலந்து, ஒரு மணி நேரம் மேசையில் விட்டுவிட்டேன். கசந்து போயிற்று. அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்னும் நொதி பாலின் புரதத்தை அறுத்துக் கசப்பாக்குகிறது. கிவியிலும் பப்பாளியிலும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. அன்னாசி வேண்டுமென்றால் வாணலியில் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். சூடு அந்த நொதியை அழித்துவிடும். டிராகன் பழம் பார்வைக்கு மட்டும்தான், உறைந்தால் சுவையே இல்லை. மாதுளை முத்து பரவாயில்லை. வறுத்த பிஸ்தாவும் வறுத்த தேங்காய்ச் சீவலும் மொறுமொறுப்பு மாறாமல் நிற்கின்றன, பொரி நமுத்துவிடுகிறது.

தட்டைப் பற்றிச் சுருக்கமாக. எவர்சில்வர் வேண்டாம், அலுமினியம் வாங்குங்கள், குளிரைப் பல மடங்கு வேகமாகக் கடத்தும். வேகமாக உறைந்தால் படிகம் சிறுக்கிறது. சிராங்கூன் சாலைப் பக்கத்துப் பாத்திரக்கடையில் 30க்கு 20 சென்டிமீட்டர் தட்டு கிடைத்தது. இந்த அளவுக்குத் தயிர் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் கனத்தில் பரவுகிறது. காலித் தட்டை முதல்நாளே ஃபிரீசரில் வைத்துவிடுவேன். தயிர் அலுமினியத்தைத் தொடாதபடி ஓரம் வரை ரொட்டி சுடும் காகிதம் விரிக்க வேண்டும். எண்ணெய்க் காகிதம் ஒட்டிக்கொண்டு உரியவே உரியாது.

சேமித்து வைப்பதில்தான் இன்னும் தெளிவு வரவில்லை. முந்திய தட்டுகளில் தின்னத் தகுந்த சில துண்டுகளைக் காகிதம் இடையிட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் மேல் துண்டுகளில் பூம்பனி படிந்திருந்தது. பனி படியாத வகைக் குளிர்பெட்டிகள் அவ்வப்போது தாமே சற்றுச் சூடேறிப் பனியை உருக்கிக்கொள்வதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டப்பாவை உள்சுவருக்கு அருகில், உறைந்த பட்டாணிப் பைகளுக்கு நடுவே புதைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் வேகத்துக்கு ஐந்து நாள் எதுவும் மிஞ்சப்போவதில்லை என்கிறாள் மனைவி. ஆனாலும் எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

மாம்பழக் காலம் முடிகிறது. பங்கனப்பள்ளி நாளுக்கு நாள் நாராகிறது. அடுத்தது பலா. அதில் தண்ணீர் இன்னும் குறைவு, இனிப்பு இன்னும் அதிகம், எனவே மாமியாருக்குத் துண்டுக்கு எவ்வளவு பழம் என்று எடை போட்டுத்தான் பதிக்க வேண்டும். சப்போட்டாவும் பட்டியலில் இருக்கிறது. தேனுக்குப் பதில் கருப்பட்டிப் பாகு ஊற்றிப் பார்க்கும் ஆசையும் உண்டு, நிறம் எப்படி வரும் என்று பார்க்க வேண்டும். டுரியான் வேண்டும் என்கிறான் மகன். அதற்கு முன் ஃபிரீசரில் உள்ள மீனுக்கும் மாவுக்கும் வேறு இடம் பார்க்க வேண்டும்.

எட்டாவது தட்டுக்கான தயிர் இப்போது வடிந்துகொண்டிருக்கிறது. பருப்புப் பொட்டலத்தை ஏற்றி மூன்று மணி நேரம் ஆகிறது. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், தண்ணீர் இளம்பச்சையாக, தெளிவாக இறங்குகிறது.