சோதனைக்கு இன்னொருவரின் அணுக்கள்

ஆறு வாரங்களுக்கு மேலாகியும் அடங்காத காணாக்கடியோடு, அதாவது அரிப்போடு தோலில் எழும் தடிப்புகளோடு, வருபவர்கள் முதலில் உணவைத்தான் சந்தேகிக்கிறார்கள். சீரத்துடன் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எங்கள் ஆய்வகத்துக்கு வரும் படிவங்களில், அவர்கள் ஏற்கெனவே விலக்கிவிட்ட உணவுகளின் பட்டியல் சில சமயம் பின்பக்கம் வரை நீளும். நாங்கள் தேடுவதோ வேறு: தோலின் மாஸ்ட் அணுக்கள் எனும் ஒவ்வாமை அணுக்களில், ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளைத் தாங்கும் ஏற்பியையோ, அதில் அமர்ந்திருக்கும் ஐஜிஇயையோ பற்றிக்கொண்டு, வெளியிலிருந்து எந்த ஒவ்வாமைப் பொருளும் வராமலே அரிப்பூட்டும் ஹிஸ்டமினைக் கொட்டச் செய்யும் எதிர்ப்பொருள் அவருடைய இரத்தத்திலேயே இருக்கிறதா என்பதை.

மாஸ்ட் அணுக்கள் இரத்தத்தில் சுற்றுவதில்லை என்பதால் அதே ஏற்பியைத் தாங்கிய பேசோஃபில்கள் என்ற வெள்ளணுக்களை வைத்துச் சோதிக்கிறோம். அவையும் வெள்ளணுக்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இருப்பதில்லை. காணாக்கடிக்காரர்கள் பலரிடம் இன்னும் குறைவு. ஆகவே நலமான ஒருவரின் அணுக்களோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்து, 37 டிகிரியில் வைத்தெடுத்து, கிளர்ந்த அணுக்களின் மேற்பரப்பில் தோன்றும் சிடி63 புரதத்தை, அணுக்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ணுகிறோம்.

பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஒருநாள் ஏழு சீரங்களும் எதிர்மறையாக வந்தன. கருவியில் கோளாறில்லை, அணுக்களைக் கிளர்த்தும் எஃப்எம்எல்பி சேர்த்த குழாயின் வரைபடத்தில் அணுக்களைக் குறிக்கும் புள்ளிகள் வலப்பக்கம் அழகாக நகர்ந்திருந்தன. அந்தத் தைரியத்தில் அறிக்கையை அச்சுக்கு அனுப்பப் போனேன். "ஐஜிஇயைப் பற்றும் எதிர்ப்பொருள் சேர்த்த குழாயைப் பார்த்தீர்களா?" என்று மூத்த பணியாளர் கேட்டார். பார்த்தபோது, ஐஜிஇ ஏற்பி வழியே அணுக்களைக் கிளர்த்தியிருக்க வேண்டிய அது, எதுவும் சேர்க்காத வெற்றுக் குழாயைப் போலவே அசையாமல் கிடந்தது. எஃப்எம்எல்பி வேறு ஏற்பியின் வழியே வேலை செய்வது. அணுக்கள் உயிரோடிருப்பதை மட்டுமே அது காட்டியது. நலமானவர்களிலும் சிலருடைய பேசோஃபில்கள் ஐஜிஇ வழித் தூண்டலுக்குப் பதில் தருவதில்லை. அன்றைய கொடையாளி அப்படிப்பட்டவர். வேறொருவரின் இரத்தத்தில் மறுநாள் மீண்டும் செய்தபோது ஏழில் இரண்டு நேர்மறையாயின.

அந்த இருவரையும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நேர்மறை முடிவு உள்ளவர்களுக்கு காணாக்கடிக்குப் போடும் ஓமலிசுமாப் ஊசி மெதுவாகவே வேலை செய்யக்கூடும் என்பதால், மருந்து கேட்கவில்லை என்று மருத்துவர் அவசரப்பட்டு நிறுத்தாமலிருக்க அந்த ஒரு சொல் உதவும். நோயாளியின் சீரத்தையே அவர் தோலுக்குள் செலுத்தி, அரை மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்கும் பழைய சோதனையும் இருக்கிறது. அதற்காகச் சில நாட்கள் அரிப்பு மாத்திரையை நிறுத்த வேண்டும், அது சிறிய துன்பமல்ல.

இப்போது நான் முதலில் திறப்பது ஐஜிஇயைப் பற்றும் அந்த எதிர்ப்பொருள் குழாயின் வரைபடத்தைத்தான். பதில் தராத அந்தக் கொடையாளி எங்கள் சக பணியாளரே. அதன்பின் இந்தச் சோதனைக்கு அவர் கையை யாரும் கேட்டதில்லை.