கடைமடையில் ஒரு முள்ளெலும்பு

கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருந்தபோது நடந்தது. வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி முதுகுவலி என்று வந்திருந்தார். நாற்று நட்டே வளைந்த முதுகு. மல்லாந்து படுக்க வைக்கவே நேரம் பிடித்தது. சத்தம் தொடங்கியதும் மைக்கில், “தம்பி, நெல்லு மில்லுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு” என்றார்.

முழு முதுகெலும்பை ஒரே வீச்சில் எடுக்க முடியாது. மேல்பாதி, கீழ்பாதி என எடுத்து ஒட்டுவோம். மாலையில், படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் கூப்பிட்டார். ஒட்டு விழுகிற இடத்தில் டி9, அதாவது மார்புப் பகுதியின் ஒன்பதாவது முள்ளெலும்பு, சப்பையாக இருந்தது. அந்த வயதில் எலும்பு நொறுங்குவது சகஜம். அப்படியே ரிப்போர்ட் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் பேனாவால் திரையைத் தட்டினார். “எலும்பு மட்டும் இல்லப்பா, பக்கத்து டிஸ்க்கும் சேர்ந்து ஒடுங்கியிருக்கு பாரு. எலும்புக்குள்ள நீரும் கோக்கல. இது நொறுங்கினது மாதிரி இல்ல. உன் மெஷினைப் போய்ப் பாரு.”

உடம்பில் எது எங்கே என்று ஸ்கேனருக்குச் சொல்வது கிரேடியன்ட் காயில், அதாவது காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் மாற்றுகிற கம்பிச்சுருள். 1.5 டெஸ்லா காந்தத்தில் ஹைட்ரஜன் எல்லாம் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் ஒரே குரலில் பேசும். தலையிலிருந்து கால் வரை புலத்தைச் சீராக ஏற்றினால் ஒவ்வொரு இடத்துக்கும் தனி அலைவரிசை, அதுதான் முகவரி. 1973இல் அமெரிக்க வேதியியலாளர் பால் லாட்டர்பர் காட்டிய வழி. அதற்கு 2003இல்தான் நோபல் கொடுத்தார்கள், அது வேறு கதை. ஆனால் அந்தச் சீரான ஏற்றம் காயிலின் நடுவில்தான். கடைமடைக்குப் போகும் தண்ணீர் போல ஓரத்தில் தளர்ந்துவிடும். தள்ளித் தள்ளி இருப்பவை ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் பேச, கம்ப்யூட்டர் அவற்றை நெருக்கி அடுக்கிவிடுகிறது.

காயிலின் வடிவக் கணக்கு தயாரித்தவர்களுக்குத் தெரியும். அதை வைத்து ஒவ்வொரு புள்ளியையும் உரிய இடத்துக்கு நகர்த்தி, நெருக்கத்தால் கூடிய வெளிச்சத்தையும் குறைக்கிற திருத்தம் மெஷினிலேயே உண்டு. பழைய புரோட்டோகாலை, அதாவது ஸ்கேன் அமைப்புகளை, காப்பி எடுத்தபோது அது அணைந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். அதைப் போட்டுவிட்டு, ஏற்கெனவே எடுத்த டேட்டாவையே மறுபடி ஓட்டினேன்; டி9 நிமிர்ந்தது. ஓரம் கொஞ்சம் மங்கல். திருத்தம் இழுத்து நீட்டும், அவ்வளவுதான். ஒன்றோடொன்று கலந்துபோன விவரத்தைப் பிரித்துத் தராது.

அதனால் மறுநாள் காலை பாட்டியைத் திரும்ப வரச் சொன்னேன். சுவாமிமலையில் மகள் வீட்டில்தான் தங்கியிருந்தார்.

“நேத்தே எல்லாம் எடுத்தியே தம்பி?”

“அது ஓரத்துல விழுந்துடுச்சு பாட்டி. இன்னிக்கு நடுவுல வச்சு எடுக்கிறேன். காசு வேண்டாம்.”

டேபிளை நகர்த்தி டி9ஐ காந்தத்தின் நட்டநடுவில் கொண்டுவந்து எடுத்தேன். முழு உயரத்தில் இருந்தது. வலிக்குக் காரணம் கீழே இடுப்புப் பகுதியில் எல்4–எல்5 எலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க்.