பழைய டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் எங்கே தவறுகிறது? பிரித்துப் பார்த்த குறிப்புகள்

என்னிடம் இருப்பது, பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த தொழில்முறை டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே மிரர் வைத்த டிஜிட்டல் கேமரா. ஷட்டர் சீராக இயங்குகிறது, சென்சார் தரும் நிறங்கள் இன்றைக்கும் எனக்கு நிறைவாக இருக்கின்றன. ஃபோகஸ் மட்டும் கொஞ்ச காலமாகவே நம்பும்படி இல்லை. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 என்ற அகன்ற திறப்பில் வைத்து முகத்தைப் படமெடுத்தால், கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் விழுகிறது. 300 மி.மீ. லென்ஸுடன் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் மாலை வேளையில் நீர்க்காகத்தைக் குறிவைத்தால், லென்ஸ் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருந்து, பறவை பறந்த பிறகும் நிற்பதில்லை. கொண்டுபோய்க் காட்டிய கடையில், ஃபோகஸை அளக்கும் பாகமான ஆட்டோஃபோகஸ் மாட்யூலையே மாற்ற வேண்டும் என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்கள். உதிரிபாகம் கிடைப்பதே அரிதாகிவிட்ட கேமராவுக்கு அந்த முடிவு அவ்வளவு எளிதானதல்ல என்பதால், பழுது உண்மையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் நானே பிரித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

பிரிப்பதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம், ஒரே அளவு தவறுகிறதா, அல்லது ஒரு முறை முன்னும் மறுமுறை பின்னுமாகத் தவறுகிறதா? முதல் வகையை எண் கொடுத்துத் திருத்தலாம். இரண்டாம் வகைக்கு, ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்த எண் கொடுக்கும் ஃபைன் டியூன் மெனுவில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் பயனில்லை. பலர் எடுத்த எடுப்பில் அந்த மெனுவுக்குப் போய்விடுகிறார்கள். அது கடைசியாகத் தொட வேண்டிய இடம் என்பது என் உறுதியான எண்ணம்.

டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் கண் வேறு, படம் பதியும் கண் வேறு. பெரிய மிரரின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கைத் தன் ஊடாக விடுகிறது. அதன் பின்னால் இருக்கும் சிறிய துணை மிரர் அந்த ஒளியைக் கீழே திருப்பி, மிரர் பெட்டியின் அடித்தளத்தில் உள்ள மாட்யூலுக்கு அனுப்புகிறது. மாட்யூல் லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் பிம்பங்களை ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்கிடுகிறது. மோட்டாரையும் உணரியையும் கேமராவின் பாடிக்குள்ளேயே வைத்து 1985இல் மினோல்டா 7000 கேமரா வெளிவந்த நாள் முதல் அடிப்படை ஏற்பாடு இதுதான். பின்புறத் திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் மிரர் மேலே போய்விடுவதால், இந்தத் தலைமுறை கேமராக்கள் படம் பதியும் சென்சாரிலேயே தெளிவைப் பார்த்து ஃபோகஸ் செய்கின்றன. ஆகவே லைவ் வியூவில் கூர்மையாகவும் வியூஃபைண்டர் வழியே மங்கலாகவும் வந்தால், லென்ஸின் கண்ணாடிகள் நலமாக இருக்கின்றன, தவறு மிரருக்கும் மாட்யூலுக்கும் இடையில் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். என் 85 மி.மீ. லென்ஸ் இந்தச் சோதனையில் லைவ் வியூவில் மிகக் கூர்மையாக வந்தது.

சோதனைப் பலகையாக நான் பயன்படுத்தியது தினசரி காலண்டர் தாள். வெள்ளைத் தாளில் தடித்த பெரிய எண் இருப்பதால் நெடுக்குக் கோடும் கிடைக்கோடும் ஒருசேரக் கிடைக்கின்றன. ஒரே திசைக் கோட்டை மட்டும் உணரும் ஓர ஃபோகஸ் புள்ளிகளுக்கு இது முக்கியம். தாளை மொட்டை மாடிச் சுவரில் கேமராவுக்கு நேராக ஒட்டி, பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்கேலைச் சாய்வாக வைத்தேன். சாய்ந்த ஸ்கேலின் மீதே ஃபோகஸ் வைத்துச் சோதிப்பவர்கள் உண்டு. வியூஃபைண்டரில் தெரியும் சிறு கட்டத்தைவிட உண்மையான உணரி பெரிதாக இருப்பதால், ஸ்கேலின் எந்தக் கோட்டை அது பிடித்தது என்பதே அங்கே தெரியாது. கேமராவுக்கும் தாளுக்கும் இடையிலான தூரம், லென்ஸின் மி.மீ. எண்ணான குவியத் தூரத்தைப் போல 25 முதல் 50 மடங்கு வரை இருக்கலாம். 85 மி.மீ. லென்ஸுக்கு இரண்டு முதல் நான்கு மீட்டர் போதும். 300 மி.மீ. லென்ஸுக்கு ஏழரை மீட்டருக்குக் குறையக் கூடாது என்பதால் மாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தேவைப்பட்டது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, டிரைபாடிலிருந்து ரிமோட்டில் எடுத்தேன்.

முடிவு தெளிவாக இருந்தது. 85 மி.மீ. லென்ஸ் எல்லாப் படங்களிலும் பின்னால் மட்டுமே தவறியது. 300 மி.மீ. லென்ஸ் சில படங்களில் முன்னும் சில படங்களில் பின்னும் போனது, சிலவற்றில் ஃபோகஸ் ஓரிடத்தில் நின்று பூட்டவே இல்லை. ஒரே கேமராவில் இரண்டு தனித்தனிப் பழுதுகள்.

தாறுமாறாகத் தவறுவதை முதலில் எடுத்துக்கொண்டேன். லென்ஸைக் கழற்றி, மவுண்ட்டில் உள்ள தங்க முலாம் பூசிய தொடுமுனைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, இரண்டு முனைகளின் மேல் பழுப்பான மெல்லிய படலம் படிந்திருந்தது. கடலிலிருந்து வெகு தொலைவில் இல்லாத திருவான்மியூர் வீட்டில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் இது வியப்பில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில்லாத துணியில் லேசாக நனைத்து, லென்ஸ் பக்கமும் பாடி பக்கமும் துடைத்தேன். பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர்த் தூள் மிரர் பெட்டிக்குள் விழும், முலாமும் தேயும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

இதற்குப் பிறகு பூட்டாமல் போவது குறைந்ததே தவிர, முழுமையாக நிற்கவில்லை. சென்சார் சுத்தம் செய்வதற்கான மெனுவில் மிரரைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்து அடித்தளத்தைப் பார்த்தேன். மாட்யூலின் சிறு ஜன்னலுக்கு மேல், கேமராப் பையின் உள்துணியிலிருந்து வந்ததைப் போன்ற ஒரு கருநீல இழை குறுக்காகக் கிடந்தது. கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் ஊதியதும் அது விழுந்துவிட்டது. அழுத்தக் காற்று டப்பாவை இங்கே பயன்படுத்தவே கூடாது; அதிலிருந்து திரவம் பீய்ச்சினால் கறை நிலைத்துவிடும். துணை மிரரின் மேற்பரப்பிலேயே உலோகப் பூச்சு இருப்பதால் அதைத் துணியால் தொடவும் கூடாது. அந்த இழை போன பிறகு 300 மி.மீ. லென்ஸ் மாடியிலும், பின்னர் பள்ளிக்கரணையின் மாலை வெளிச்சத்திலும் தயங்காமல் பூட்டுகிறது. தொடர் ஓட்டத்தில் எடுத்தபோதும் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதால், துணை மிரர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் வந்து அமர்கிறது என்று கொள்ளலாம்.

அப்படியானால், 85 மி.மீ. லென்ஸ் பின்னால் மட்டுமே தவறுவதற்கு, துணை மிரர் அமரும் இடமே சற்று விலகியிருக்க வேண்டும். நண்பர் ஒருவரின் 50 மி.மீ. லென்ஸை மாட்டிப் பார்த்ததில் அதுவும் பின்னால்தான் தவறியது. இரண்டு லென்ஸ்கள் ஒரே பக்கம் தவறினால் சந்தேகம் பாடியின் மேல்தான் விழும். எஃப் 1.8 திறப்பில், மங்கல் வட்டத்தை (கண்ணுக்குக் கூர்மையாகவே தோன்றும் மங்கலின் எல்லை) 0.03 மி.மீ. என்று கொண்டால், சென்சார் தளத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய விலகல் இரு பக்கமும் ஏறத்தாழ 0.05 மி.மீ. மட்டுமே. இரண்டு மீட்டரில் இருக்கும் முகத்தில் அது முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஆறு செ.மீ. ஆழம்கூட இல்லை. துணை மிரர் சாய்ந்து நிற்கும் சிறு முளை, பல ஆண்டுகள் மிரர் அடித்து அடித்துத் தேய்ந்தால், ஃபோகஸ் பிழை கண்ணுக்கும் காதுக்குமான தூரத்தை எளிதில் தாண்டிவிடும்.

தற்காலிகமாக ஃபைன் டியூனில் 85 மி.மீ. லென்ஸுக்கு எதிர்மதிப்பு கொடுத்து, ஃபோகஸை முன்னே இழுத்தேன். அதைக் காலை வெயிலில்தான் தீர்மானித்தேன். வெவ்வேறு நிற ஒளி லென்ஸில் சற்றே வெவ்வேறு தளங்களில் குவிவதால், மஞ்சள் பல்பின் கீழ் சரியாக வந்த எண் பகலில் பிசகும். நடுப்புள்ளிகளில் கண் கூர்மையாக விழுந்தது. இடது ஓரப் புள்ளிகளுக்கும் வலது ஓரப் புள்ளிகளுக்கும் அப்போதும் வேறுபாடு தெரிந்தது. துணை மிரர் பக்கவாட்டிலும் சற்றுச் சாய்ந்திருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி, அதை எந்த எண்ணாலும் சரிசெய்ய இயலாது.

அண்ணா சாலைப் பக்கம் பழைய கேமராக்களைப் பிரிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் இந்தப் படங்களையெல்லாம் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, “மாட்யூல் நல்லாத்தான் இருக்கு தம்பி. முளையைத் திருப்பினா போதும். ஆனா மெனுவுல போட்ட நம்பரையெல்லாம் சீரோ பண்ணிட்டுக் கொண்டாங்க. இல்லன்னா நான் திருப்புறது எங்க போய் நிக்குதுன்னு தெரியாது” என்றார். “சரிங்கண்ணா, டெஸ்ட் எடுத்த ரெண்டு லென்ஸையும் சேர்த்தே கொண்டு வர்றேன்” என்று சொல்லி வந்திருக்கிறேன். எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மெனுவைப் பூஜ்யத்துக்குத் திருப்பியாகிவிட்டது. கொடுப்பதற்கு முன்னால், அதே காலண்டர் தாளை அதே இடத்தில் ஒட்டி, எல்லா ஓரப் புள்ளிகளுக்கும் ஒரு வரிசை எடுத்து வைக்க வேண்டியது மட்டும் பாக்கி.