10-ஐத் தாண்டியாச்சு: ‘வீல் ஆஃப் டைம்’ வாசிப்பு நிலவரம்

ராபர்ட் ஜோர்டானின் 14 தொகுதி ஆங்கில மாயக்கதைத் தொடர் ‘வீல் ஆஃப் டைம்’. அதில் 10-ஆவதான ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்’ முடிந்தது. இந்தத் தொடரை வாசித்தவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும், கை குலுக்குவார்கள். 7-ஆவது புத்தகத்திலிருந்தே தொடர்வதா, மூட்டை கட்டுவதா என்று இழுபறிதான். தொடர்வது என்று முடிவாகிவிட்டது. எதைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன் என்று எழுதி வைக்கிறேன். கதை கொஞ்சம் உடையும். பாதி வழியில் இருப்பவர்கள் பார்த்துப் படிக்கவும்.

10-இல் என்ன சிக்கல் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். 9-ஆவது முடிவில் நாயகன் ராண்ட் செய்கிற காரியம் மொத்தத் தொடரிலேயே பெரியது. அடுத்து என்ன என்று பக்கத்தைத் திருப்பினால், அதே நேரத்தில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஜோர்டான் ஆரம்பிக்கிறார். ஆளாளுக்குத் தொலைவில் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று திரும்பிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். 8-இன் கடைசியில் கடத்தப்பட்ட மனைவி ஃபையீலை ராண்டின் நண்பன் பெரின் இன்னும் தேடுகிறான். இளவரசி எலேன் குளிக்கிறாள், அரியணைக்கு யார் யார் ஆதரவு என்று கணக்குப் போடுகிறாள், தண்ணியாக டீ குடிக்கிறாள். கோத்தகிரியில் உட்கார்ந்து அந்த டீயைப் பற்றிப் படிப்பது தனிக் கொடுமை.

ஆனாலும் பெரின் தானியம் வாங்கப் போகிற சோ ஹாபோர் அத்தியாயம் எனக்குப் பிடித்தது. மூட்டையெல்லாம் வண்டு, ஊரெல்லாம் அழுக்கு, யாரும் வாய் திறந்து காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அதை வெட்டித் தள்ளச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2000-இல் 9-ஐப் படித்துவிட்டு 2003 வரை காத்திருந்தவர்கள் திட்டினால் நியாயம். மொத்தமாக வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு படிக்கிற நாம் எந்த முகத்தோடு திட்டுவது?

இனி நோட்டு விஷயம். இந்தத் தொடரில் பெயர் உள்ள பாத்திரங்களே 2000-க்கு மேல். பின்னால் இருக்கிற சொல்லடைவு பாதிப் பேருக்குக் காணாது. இணையத்தில் தேடினாலோ, பெயரை முழுதாக அடிப்பதற்குள் அந்த ஆள் செத்துப்போன விவரம் வந்து நிற்கும். அதனால், பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதுகிற நீள நோட்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினேன். அகர வரிசை இதற்கு உதவாது. எலேன், எலாய்டா, எலயஸ், எல்ஸா என்று எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து குவியும். இடவாரியாகப் பிரிப்பதுதான் சரி. எலேன் இருக்கிற கேம்லினுக்கு ஒரு பக்கம், டார் வாலோன் நகருக்கு ஒன்று, அதை முற்றுகையிட்டவர்களின் கூடாரத்துக்கு ஒன்று, பெரின் முகாம், ஃபையீலைக் கடத்திய ஷைடோ முகாம், ராண்டின் இன்னொரு நண்பன் மாட் ஒளிந்து திரிகிற சர்க்கஸ். ஆள் இடம் மாறினால் பெயரை அழித்து அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். புத்தகத்தைத் திறக்குமுன் அந்தந்தப் பக்கத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், யார் யாரோடு இருக்கிறார்கள் என்று பிடிபட்டுவிடும்.

ஏஸ் செடாய் என்கிற மந்திரசக்திப் பெண்களுக்குப் பெயருக்கு முன்னால் கலர் பென்சிலில் ஒரு புள்ளி. அவர்களுக்குள் அஜா என்கிற பிரிவு ஏழு, புள்ளியும் ஏழு நிறம். வெள்ளை அஜாவுக்கு மட்டும் வெறும் வட்டம். பெயருக்குப் பின்னால் டார் வாலோன் தலைவி எலாய்டா பக்கமா, எதிர்ப்பக்கமா, ராண்டுக்குச் சத்தியம் செய்தவளா என்று ஓர் எழுத்து. ரகசியத் துரோகிகளான கறுப்பு அஜாவோ என்று சந்தேகம் வந்தால் அடிக்கோடு, உறுதியானால் இரண்டு கோடு. இதற்கு 2பி பென்சில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே தாள் நமத்துப் போகும். ஜெல் பேனா ஊறிப் பின்பக்கம் தெரியும், கெட்டிப் பென்சிலோ தாளைக் கிழிக்கும்.

“அக்கா, 10-ஐ விட்டுட்டு சுருக்கத்தைப் படிச்சிட்டு 11-க்குப் போயிடு” என்றான் தம்பி. அவன் 6-ஓடு நின்றவன். “நீ சும்மா இருடா” என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சரிவந்தது வேறு வழி. இந்த ஒரு புத்தகத்தில் ஆசிரியரே அத்தியாயங்களைக் கொத்துக் கொத்தாகத்தான் வைத்திருக்கிறார்: மாட் ஒரு கொத்து, பெரின் ஒரு கொத்து, எலேன் ஒரு கொத்து. கடைசியில் சிதறிக் கிடக்கிற மாட், பெரின் துண்டுகளை முன்னால் இழுத்து அந்தந்தக் கொத்தோடு சேர்த்துப் படித்தேன். தனித்தனிக் குறுநாவல்கள் மாதிரி ஓடியது. முற்றுகைக்காரர்களின் தலைவி எக்வீனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த முடிவு அவளுடையது. மற்ற புத்தகங்களில் இந்த வேலை வேண்டாம், அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்.

புத்தகம் கிடைக்கிற கதை தனி. நடுத்தொகுதிகள் கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது தலைகாட்டும். 11-ஐ ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன். பிரிட்டிஷ் ஆர்பிட் பதிப்பு என்று போட்டுவிட்டு அமெரிக்க டோர் பதிப்பை அனுப்பியிருக்கிறார். அலமாரியில் அது மட்டும் குட்டையாக நிற்கிறது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல். அட்டை ஓவியம் டேரல் ஸ்வீட் என்பதால் திருப்பி அனுப்பவில்லை. குண்டுப் புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள், இந்த ஊர் ஈரத்துக்கு முதுகுப் பக்கம்தான் முதலில் பூசணம் பிடிக்கிறது.

தொடரலாம் என்று முடிவெடுக்க வைத்தது, இந்தத் தொடருக்கு ஒரு முடிவு இருக்கிறது என்பதுதான். ஜோர்டான் 2007-இல் இறந்துபோனார். ஆனால் கடைசிக் காட்சியை எழுதி வைத்துவிட்டார், குறிப்புகளும் ஏராளம். அவர் மனைவி ஹாரியட்தான் தொகுப்பாசிரியரும். மீதியை எழுத அவர் எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரே புத்தகமாக நினைத்தது 2009, 2010, 2013 என்று மூன்றாக வந்து 14-இல் முடிந்தது. டிவியில் வந்தது 3 சீசனோடு 2025-இல் நின்றுவிட்டது, அதை நம்பிப் பயனில்லை.

இது முடிந்ததும் ஜெயமோகனின் ‘வெண்முரசு’. 26 நாவல். மகாபாரதம் என்பதால் பாதிப் பெயர் ஏற்கெனவே தெரியும், நோட்டு மெலிந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இலைச் சீசன் குறைகிற நேரம் பார்த்து ஆரம்பிக்க வேண்டும்.

இப்போது 11-இன் முன்னுரையில் இருக்கிறேன். முன்னுரைதான், ஆனால் ஒரு சின்னப் புத்தக நீளம். ஷைடோ பக்கம் நிரம்பிவிட்டதால் நோட்டில் ஒட்டுத் தாள் சேர்க்க வேண்டியிருக்கிறது. 12, ஆர்பிட் பதிப்பு, முதுகு உடையாதது யாரிடமாவது இருந்தால் விலை சொல்லுங்கள். 3-ஆவது என்னிடம் இரண்டு இருக்கிறது, மாற்றிக்கொள்ளவும் சம்மதம்.