அத்தை வெளியில் ஒன்றும் சாப்பிடவில்லை

எங்கள் அத்தைக்கு ஊர் சுற்ற ரொம்பப் பிடிக்கும். போகிற ஊரில் எதையும் தொடத்தான் பிடிக்காது. கொரோனா ஊரடங்கான பிகேபி காலத்தில் எல்லோருக்கும் வந்த கை கழுவும் வேகம் மற்றவர்களுக்கு மெல்ல இறங்கிவிட்டது. அத்தைக்கு மட்டும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. காய்கறிக்காரர் தரும் சில்லறையை ஒரு டப்பாவை நீட்டி அதில் போடச் சொல்லி, சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து எடுப்பவர் அவர்.

பினாங்கில் இருக்கும் மகள் வீட்டுக்கு அவரை நாங்கள் அழைத்துப் போவதாக முடிவானது. கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் அவர் வந்து இறங்கியபோது ஒரு பையில்தான் துணி இருந்தது. மற்ற பைகளில் சானிடைசர், ஈரத் துடைப்பான், மாஸ்க், சொந்தத் தட்டு, கரண்டி, கொதிக்கவைத்த தண்ணீர், தலையணை உறை. எல்லாவற்றுக்கும் மேலே, யாரும் சாய்த்துவிடக் கூடாது என்று மடியிலேயே வைத்துக்கொண்ட ஒரு டப்பர்வேர்.

"என்ன அத்தை அது?"

"இட்லி, தேங்காய்ச் சட்னி. விடியக்காலம் எழுந்து அரைச்சேன். வெளிச்சாப்பாட்டை வாயில வைக்க மாட்டேன்."

ஈடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் போக நாலு மணி நேரத்துக்குப் பக்கமாக ஆகும். அதில் முதல் அரை மணி நேரம் அத்தை உட்காரவே இல்லை. இருக்கைக் கைப்பிடி, சன்னல் விளிம்பு, முன்னால் இருக்கும் மடக்குப் பலகை என்று துடைத்துக்கொண்டே போனவர், அதே வேகத்தில் பக்கத்து இருக்கைச் சீனக் கிழவியின் பலகையையும் துடைத்துவிட்டார். சண்டை வரப்போகிறது என்று நான் நெளிந்தேன். அந்த ஆன்ட்டியோ "பாகுஸ், பாகுஸ்" என்று பாராட்டி, தன் கைப்பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து அத்தையின் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டார். பதிலுக்கு அத்தை அவர் கையில் சானிடைசரைப் பீய்ச்சினார். ஈப்போ வரும்வரை இரண்டு பேரும் அரைகுறை மலாயில் கிருமிகளைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். எங்கள் பெட்டி முழுக்க ஆஸ்பத்திரி வாசனை.

நடுநடுவே அத்தை போனை எடுத்து வாட்சாப் பார்த்தார். ஸ்டேஷன் டாய்லெட்டுக்குள் போய் வந்த அந்தப் போனை மட்டும் ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை. என் மனைவி ஒரு நர்ஸ். வாய் துறுதுறுத்ததை அடக்கிக்கொண்டு, "அத்தை, சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டு 20 விநாடி கழுவிடுங்க. வாந்தி பேதி கொண்டுவர நோரோ வைரஸுக்கு சானிடைசர் அவ்வளவா வேலை செய்யாது" என்று மட்டும் சொன்னாள்.

"இதுல 75 சதவீதம் ஆல்கஹால்மா!"

அதற்கு மேல் யார் பேசுவது?

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகும் பெர்ரியில் அத்தை எதையும் பிடிக்காமல்தான் நிற்பேன் என்று நின்றார். கரையை அணைக்கும்போது பெர்ரி ஒரு குலுக்குக் குலுக்கியது. அத்தை பிடித்தது கம்பியை அல்ல, முன்னால் நின்ற பையனின் முதுகுப்பையை. அப்புறம் அந்தக் கையைத் தன் உடம்பில் படாமல் நீட்டியபடியே படகுத்துறை வாசல்வரை நடந்தார்.

காரோடு காத்திருந்த மருமகன் அசல் பினாங்குக்காரர். எதை எடுத்தாலும் அவர் ஊர்ப் பெருமையில்தான் முடிப்பார். அத்தையின் இரட்டை மாஸ்க்கைப் பார்த்ததும் அவருக்குக் குஷி.

"அத்தை, மாஸ்க் எங்க ஊர்ச் சரக்கு, தெரியுமா? டாக்டர் வூ லியன் தே 1879ல பினாங்குல பொறந்தவரு, பினாங்கு ஃபிரீ ஸ்கூல்ல படிச்சவரு. 1910 கடைசியில மஞ்சூரியாவுல பிளேக் வந்தப்ப, அது எலி தெள்ளுப்பூச்சியால மட்டும் இல்ல, மூச்சுக் காத்துலயும் பரவுதுன்னு சொல்லி, துணியும் பஞ்சும் வெச்சுத் தைச்ச மாஸ்க்கை எல்லாருக்கும் மாட்டிவிட்டாரு. ஒரு பிரெஞ்சு டாக்டர் மட்டும் எனக்கு வேணாம்னாரு. சில நாள்ல அதே பிளேக்ல போய்ச் சேர்ந்துட்டாரு."

ஊரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அத்தை பையைத் திறந்து மூன்றாவது மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. எங்களுக்கு நல்ல பசி. வழியில் ஒரு நாசி கண்டார் கடையில், சோற்றில் விதவிதமான குழம்பு ஊற்றித் தரும் கடையில், நிறுத்தினோம். அத்தை காரிலேயே இருக்கிறேன் என்றார். அந்த வெயிலில் விட முடியாது என்று உள்ளே கூட்டிப்போனோம். பானைகளில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோழி, வெண்டைக்காய், மேலே எல்லாக் குழம்பும் கலந்து பாஞ்சிர். அத்தை மேசையைத் துடைத்து, அதன் மேல் சொந்தத் துணி விரித்து, டப்பர்வேரைத் திறந்தார்.

வீட்டுச் சாப்பாட்டைக் கடையில் திறந்ததற்குக் கடைக்கார அண்ணன் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். லேசாக மூக்கை உறிஞ்சினார்.

"அம்மா, சட்னி எப்ப அரைச்சது?"

"விடியக்காலம்."

"இந்த வெக்கையில தேங்காய் நிக்காதும்மா. இந்நேரம் ஊசிப் போயிருக்கும். வேணும்னா சூடா ஒரு பருப்புக் கொழம்பு தரேன், காசு வேணாம்."

அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று மாஸ்க்கையும் தாடைக்கு இறக்கிவிட்டிருந்ததால் முழுசாகவே தெரிந்தது. "எங்க வீட்டுச் சட்னிங்க" என்றார், குலப்பெருமை சொல்வதைப் போல. என் மனைவியும் விடவில்லை. "அவரு சொல்றது சரிதான் அத்தை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல சாப்பாட்டை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெக்கக் கூடாது. நீங்க இட்லியச் சூடா வெச்சு மூடினதுல டப்பாவே வேர்த்துக் கிடக்கு. அவங்க பானையப் பாருங்க, ஆவி பறக்குது, அதுல கிருமி வளராது."

"அந்தக் கரண்டியை எத்தனை பேர் தொட்டிருப்பான்?" என்று கேட்டபடி அத்தை இட்லியைச் சட்னியில் தோய்த்தார். சட்னி கொஞ்சம் நூல் விட்டது. எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833லிருந்து இருக்கும் கோயில். மணியை அடித்த கைக்கு அத்தை உடனே சானிடைசர் போட்டார், போட்ட கையைக் கற்பூரத் தட்டுக்கு நீட்டினார். குருக்கள் தட்டை வெடுக்கென்று பின்னால் இழுத்தார். "கை காயட்டும்மா! ஸ்பிரிட்டு பத்திக்கும்!" நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. காய்ந்த பிறகுதான் மறுபடி தட்டு வந்தது.

ராத்திரி பத்து மணிக்கு மேல் அத்தைக்கு வாந்தி ஆரம்பித்தது. பிறகு மற்றதும். ஜெலுத்தோங்கில் இருக்கும் மகள் வீட்டில் அன்று யாரும் சரியாகத் தூங்கவில்லை. என் மனைவி காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலை தட்டிப் போட்டு, மடக்கு மடக்காகக் குடிக்கக் கொடுத்தாள். காலையில் கிளினிக்கில் டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார்.

"நேத்து வெளியில என்னம்மா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமே சாப்பிடல டாக்டர்" என்றார் அத்தை, அந்த நிலைமையிலும் பெருமையாக. எங்களைக் கை காட்டினார். "இவங்கதான் நாசி கண்டார் சாப்பிட்டாங்க."

டாக்டர் எங்களைப் பார்த்தார். "உங்களுக்கு?"

"நல்லா இருக்கோம் டாக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அத்தை வீட்டிலிருந்து என்ன கொண்டுவந்தார் என்று நிதானமாக விசாரித்தார். சட்னி என்ற சொல் வந்ததும் தலையாட்டிக்கொண்டார். உப்புச் சீனிக் கரைசல் பொட்டலங்களும் வாந்திக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார். திரும்பச் சூடு பண்ணினாலும் சில கிருமிகள் விட்டுப்போன விஷம் போகாது என்று அவர் விளக்கியதை அத்தை கேட்டாரா என்று சொல்ல முடியாது. கதவுக் கைப்பிடியை எதை வைத்துத் திறப்பது என்று தேடிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அரிசிக் கஞ்சி குடித்துக் கொஞ்சம் தெம்பு வந்ததும், போனை எடுத்து கேஎல்லில் இருக்கும் தங்கைக்கு அடித்தார். நானும் மருமகனும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம், அதே கடைக்குப் போகத்தான். அத்தையின் குரல் கூடம் தாண்டிக் கேட்டது.

"எல்லாம் அந்த நாசி கண்டார் கடையாலதான்டி. நான் ஒரு வாய்கூடச் சாப்பிடல. சும்மா போய் உக்காந்ததுக்கே இந்தக் கதின்னா, சாப்பிட்டிருந்தா என்ன ஆயிருப்பேன்னு நெனச்சுப் பாரு!"