சங்கத்துல சேர்ந்தா ப்ரொபேஷன் போயிடுமா?

போன வாரம் எங்க அரசு ஊழியர் சங்கத்து சந்தா ரசீது புக்கோட ஆபீஸ்ல மேஜை மேஜையா சுத்தினப்ப புதுசா வந்த, இன்னும் தகுதிகாண் பருவத்துல இருக்குற ஜூனியர் அசிஸ்டென்ட் பொண்ணு பேர் எழுதவே விடல. "வேணாம் சார், ப்ரொபேஷன் முடியட்டும்னு அப்பா சொல்லிட்டாரு"ன்னுச்சு. அவங்கப்பா ரிட்டயர்டு வாத்தியாராம், அப்பவே புரிஞ்சிடுச்சு, 2003 ஜூலைய பாத்த மனுஷன்.

நானும் பாத்தவன்தான். அரசு ஊழியரும் வாத்தியாருங்களும் ஸ்ட்ரைக் ஆரம்பிச்சதும் டெஸ்மா, அதாவது அத்தியாவசியப் பணி பராமரிப்புச் சட்டம் பாஞ்சுது, தமிழ்நாடு முழுக்க 1.5 லட்சம் பேருக்கு மேல டிஸ்மிஸ், அதுல நான் ஒருத்தன். கடலூர் மஞ்சக்குப்பத்துல வாடகை வீடு, கைக்குழந்தை வேற, மளிகைக்கடைக்காரரு கடன் நோட்ட மூடி கல்லாப்பெட்டிக்கு அடியில வச்சிட்டு "தம்பி இப்போதைக்கு ரொக்கமா குடுங்க"ன்னாரு. ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டு அரசு ஊழியருக்கு ஸ்ட்ரைக் பண்ற உரிமையே இல்லன்னு சொல்லிடுச்சு. மன்னிப்பும், இனிமே நடத்தை விதிப்படி நடப்பேன்னு உறுதியும் எழுதிக் குடுத்துதான் உள்ள போனோம். அந்த லெட்டர நான் மூணு தடவ எழுதினேன், ரெண்டு தடவ கை வேர்வைல மை கலைஞ்சிடுச்சு.

ஆனா அந்தத் தீர்ப்புல போனது ஸ்ட்ரைக்கு, சங்கம் இல்ல. இதத்தான் பாதி பேரு குழப்பிக்கிறாங்க, சீனியருங்களே குழப்பிக்கிறாங்க. சங்கம் வைக்கிறது அரசியல் சட்டம் 19(1)(சி)ல இருக்குற அடிப்படை உரிமை. அரசு அங்கீகாரம் குடுக்காத சங்கத்துல ஊழியர் இருக்கக் கூடாதுன்னு மத்திய அரசு ஒரு விதி வச்சிருந்துச்சு, அத 1962லயே கோஷ் எதிர் ஜோசப் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு செல்லாதுன்னுடுச்சு, அதே தீர்ப்புல ஸ்ட்ரைக் தடை மட்டும் அப்படியே நின்னுச்சு. பக்கத்துல பாண்டிச்சேரி ஊழியருங்களுக்கு மத்திய அரசு நடத்தை விதி 1964, அதுல கூட நாட்டோட இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி இதுக்கெல்லாம் எதிரான சங்கத்துலதான் சேரக் கூடாது, மத்தபடி தடையில்ல. போலீஸ்காரங்க கதை வேற, அவங்களுக்கு 1966 சட்டம் இருக்கு, அனுமதி இல்லாம சங்கத்துல சேர முடியாது, என் மச்சான் ஏட்டு, எங்க ஆர்ப்பாட்டத்துக்கு பந்தோபஸ்து நின்னுட்டு வீட்டுக்கு வந்து கோரிக்கை நோட்டீஸ வாங்கிப் படிப்பான்.

அதுக்காக மேலதிகாரி முறைச்சுப் பாக்க மாட்டாருன்னு நான் சொல்ல வரல, ட்ரான்ஸ்ஃபர்ல விளையாடுறவங்க இருக்கத்தான் செய்றாங்க. ஆனா உறுப்பினரா இருக்குறதுக்காக மட்டும் 17பி, அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ குடுத்தா கோர்ட்டுல நிக்காது.

இதெல்லாம் டீ குடிக்கறப்ப அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "சார், அந்த லெட்டரோட காப்பி வச்சிருக்கீங்களா? அப்பாவும் எழுதிருப்பாரு போல, எங்ககிட்ட சொன்னதே இல்ல"ன்னுச்சு.

பரண்ல தேடணும்.